பி.டி. பருத்திக்கு ஏன் இன்னும் மருந்து அடிக்கிறோம்?

உங்கள் கேள்வி இது. பெரம்பலூர்ப் பக்கம் உங்கள் மாமா பி.டி. பருத்தி போடுகிறார். புழு வராத விதை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனாலும் ஒரு வெள்ளாமைக்கு ஏழெட்டுத் தடவை மருந்து அடிக்கிறார். அப்படியென்றால் மரபணு மாற்றுப் பயிர் என்பதே ஏமாற்று வேலையா, மண்ணுக்கும் மனிதருக்கும் கேடா?

"மரபணு மாற்றம் நல்லதா கெட்டதா" என்று மொத்தமாகக் கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. மாத்திரை நல்லதா கெட்டதா என்று கேட்பது போல அது. எந்த மரபணு, எந்த விதையில், எந்த மாதிரிச் சாகுபடியில் என்று பிரித்துக் கேட்டால் சொல்லலாம். உங்கள் மாமா வயலிலேயே அதற்கான பாடம் முழுதும் இருப்பதால், பருத்தியையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பி.டி. என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மண்ணில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் பெயர்ச் சுருக்கம் அது. 1901ல் ஜப்பானில் பட்டுப்புழுக்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததை ஆராய்ந்த இஷிவாட்டா என்பவர் முதலில் இதைப் பார்த்தார். பத்து வருஷம் கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் மாவு அந்துப்பூச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்த பெர்லினர், அந்த ஊரின் பெயரையே இதற்கு வைத்தார். இந்தப் பாக்டீரியா உண்டாக்கும் ஒரு புரதம் புழுவின் குடலில் கரைந்து, குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு ஓட்டை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திவிட்டுச் சாகிறது. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எடுத்துப் பருத்திச் செடிக்குள் வைத்ததுதான் பி.டி. பருத்தி. புழுவின் குடல் காரத் தன்மை கொண்டது, நம் வயிறோ அமிலம். அந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் கிடையாது. இதே பாக்டீரியாவைத் தெளிப்பானாகப் பல பத்தாண்டுகளாக இயற்கை விவசாயிகளே அடித்து வருகிறார்கள். ஆகவே இந்தக் குறிப்பிட்ட புரதத்தைப் பற்றி மட்டும், உடம்புக்கு என்ன ஆகுமோ என்று நான் பெரிதாகப் பயப்படுவதில்லை. அதே பருத்தியில் அடிக்கும் மருந்தைப் பற்றித்தான் பயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

1990களில் பருத்தி எப்படி இருந்தது என்பது இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பருத்தி சுமார் 5 சதவீதம்தான். ஆனால் விற்ற பூச்சிமருந்தில் ஏறக்குறைய பாதி அதற்கே போனது. எதிரி பச்சைக் காய்ப்புழு, அமெரிக்கன் காய்ப்புழு என்றும் சொல்வோம். பைரித்ராய்டு வகை மருந்துகளை அடித்து அடித்து, அதற்கு எதுவும் உறைக்காமல் போய்விட்டது. பதினைந்து இருபது தடவை அடித்தும் காய் முழுக்க ஓட்டையாக நின்ற வயல்கள் உண்டு.

அந்த நிலைமையில்தான் 2001ல் குஜராத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. புழு வந்து எல்லார் பருத்தியும் போக, நவபாரத் 151 என்ற வீரிய ஒட்டு ரகம் (இரண்டு ரகங்களை ஒட்டுச் சேர்த்து உண்டாக்கும் விதை) போட்ட வயல்கள் மட்டும் பளிச்சென்று நின்றன. சோதித்துப் பார்த்தால் உள்ளே பி.டி. மரபணு! அரசு அனுமதி இன்னும் வரவே இல்லை, விதை மட்டும் வயலுக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2002 மார்ச் 26ல், மாஹிகோ என்ற விதை நிறுவனத்தின் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி கொடுத்தது. அனுமதி கிடைத்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2006ல் இரண்டு புரதங்களைக் கொண்ட இரண்டாம் தலைமுறை விதை வந்தது. இன்று மாமா வாங்கும் பொட்டலம் அதுதான்.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. ஆனால் சொல்லப்பட்ட அளவுக்கா என்பதில்தான் சண்டை. 2001-02ல் ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08ல் 550 கிலோவைத் தாண்டியது. ஒரு பக்கம் 2012ல் கதாகே, கைம் என்ற இரண்டு பொருளியல் ஆய்வாளர்கள், நூற்றுக்கணக்கான விவசாயிகளைப் பல ஆண்டு தொடர்ந்து கணக்கெடுத்து, பி.டி.யால் ஏக்கர் விளைச்சல் 24 சதவீதமும் லாபம் 50 சதவீதமும் கூடியது என்று எழுதினார்கள். இன்னொரு பக்கம், நாக்பூர் மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த கிராந்தியும் ஸ்டோன் என்ற மானுடவியலாளரும் 2020ல் இதைக் கிழித்துப் போட்டார்கள். 2004-05லேயே விளைச்சல் 470 கிலோவைத் தொட்டுவிட்டது, அப்போது அதிகாரபூர்வ பி.டி. பரப்பு பத்து சதவீதம்கூட இல்லை; அந்த வருஷங்களில் புது மருந்துகள் வந்தன, உரம் கூடியது, குஜராத்தில் பாசனம் பெருகியது; எல்லாப் பெருமையையும் ஒரு மரபணுவுக்குக் கொடுக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். நான் இருவருக்கும் நடுவில் நிற்கிறேன். பச்சைக் காய்ப்புழுவை இந்த விதை அடக்கியது உண்மை, அதை என் கண்ணாலேயே பார்த்தேன். விளைச்சல் இரட்டிப்பானது முழுக்க அதனால் என்பது விளம்பரம். நாட்டின் பஞ்சு உற்பத்தி 2013-14ல் சுமார் 398 லட்சம் பேல் (பொதி) என்ற உச்சத்தைத் தொட்டது, அதற்குப் பிறகு இறங்குமுகம்தான், ஹெக்டேர் விளைச்சலும் 450 கிலோ பக்கம் திரும்பி வந்துவிட்டது.

ஏன் இறங்கியது என்பதற்கு ஒரு காயை உடைத்துப் பார்த்தால் போதும். நவம்பர், டிசம்பரில் மாமா வயலுக்குப் போனால், கட்டைவிரல் அளவு தாண்டிய பச்சைக் காய் பத்து பதினைந்தைப் பறித்துக்கொள்ளுங்கள். வெளியே பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. பொரித்த உடனே, நூல் கனத்தில் வெள்ளையாக இருக்கும்போதே புழு உள்ளே போய்விடுகிறது. காய் வளர வளர அந்த ஓட்டை மூடிக்கொள்கிறது. காயைக் கத்தியால் கீறிச் சுளையைப் பிரியுங்கள். பஞ்சு வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புக் கறை இருக்கும். விதையைக் குடைந்துகொண்டு இளஞ்சிவப்பாக ஒரு புழு நெளியும், நீளம் அரை அங்குலம்கூட இருக்காது. இதுதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இன்னொரு அடையாளமும் உண்டு. பூ விரியாமல் இதழ் நுனிகள் ஒன்றோடொன்று முறுக்கி, ரோசா மொட்டு மாதிரி நிற்கும். அதைப் பிரித்தாலும் உள்ளே ஆள் இருப்பார்.

பச்சைக் காய்ப்புழு பி.டி.க்கு இன்றுவரை பெரும்பாலும் அடங்கியே கிடக்கிறது, இளஞ்சிவப்புப் புழு மட்டும் ஜெயித்துவிட்டது. ஏன்? பச்சைப் புழு துவரை தின்னும், கொண்டைக்கடலை தின்னும், தக்காளி தின்னும். ஊரெல்லாம் அதற்குச் சாப்பாடு. பருத்தியில் ஒன்றிரண்டு புழு எதிர்ப்பு சக்தியோடு தப்பினாலும், துவரைக் காட்டில் வளர்ந்த ஏராளமான சாதாரண அந்துப்பூச்சிகளோடு கலந்துவிடும். பிறக்கும் குட்டிகள் மறுபடி பி.டி.க்குச் சாகும். இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பருத்தியை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. நாட்டின் பருத்தியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆனபோது, தப்பியவை தப்பியவற்றோடு மட்டுமே கூடின. முதல் தலைமுறை விதைக்குக் குஜராத்தில் அம்ரேலி, பாவ்நகர், ராஜ்கோட் பக்கம் எதிர்ப்பு வந்துவிட்டதை 2010ல் இந்த மரபணுவைக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனமான மான்சான்டோவே ஒப்புக்கொண்டது. 2014, 2015ல் இரண்டாம் தலைமுறையும் போயிற்று. 2017ல் மகாராஷ்டிரத்தையே புரட்டிப்போட்டது. 2021ல் பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா வரை போய்விட்டது.

இது இப்படித்தான் ஆகும் என்று முன்பே தெரியும். அதனால்தான் ஒவ்வொரு 450 கிராம் பொட்டலத்தோடும் 120 கிராம் பி.டி. இல்லாத விதை ஒன்று வந்தது. வயலைச் சுற்றி ஐந்து வரிசையாவது அதைப் போடவேண்டும். அந்த ஓரத்துச் செடியில் சாதாரணப் புழு பிழைத்து வளர்ந்து, தப்பியவற்றோடு கலக்கவேண்டும் என்பது கணக்கு. யார் போட்டார்கள்? இரண்டு ஏக்கர் வைத்திருப்பவரிடம் போய், கடன் வாங்கி விதைத்த நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்குப் படியளந்துவிடு என்றால் ஒத்துக்கொள்வாரா? பொட்டலம் வரப்போரம் போயிற்று, சிலர் மாட்டுக்குப் போட்டார்கள். போட்டவர்களுக்கும் பல பொட்டலங்களில் முளைப்பு சரியில்லை, பூக்கும் காலம் ஒத்துவரவில்லை. அப்புறம் விவசாயி விதியைக் கடைப்பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். கடைப்பிடிக்க முடியாத விதியை எழுதியவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்தது வீரிய ஒட்டு. என் பார்வையில் மொத்தக் கதையின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது. உலகின் முதல் வணிகப் பருத்தி வீரிய ஒட்டு ஹெச்-4, 1970ல் சூரத்தில் சி.டி. படேல் உருவாக்கியது. நமக்குப் பெருமைதான். ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகத்தில் வைத்தார்கள். அங்கே செடியும் அதன் காயில் உள்ள ஒவ்வொரு விதையும் ஒரே மாதிரி இருக்கும். நாம் வீரிய ஒட்டில் வைத்தோம். ஒட்டுச் செடி முழுக்க இரண்டு புரதமும் இருக்கும், சரி. அதன் காயில் உருவாகும் விதை அடுத்த தலைமுறை ஆயிற்றே, அதில் மரபணு பிரிந்து போகும். பதினாறு விதை என்று வைத்துக்கொண்டால் சராசரியாக ஒன்பதில் இரண்டு புரதமும் இருக்கும், ஆறில் ஏதோ ஒன்றுதான் இருக்கும், ஒன்றில் எதுவுமே இருக்காது. இளஞ்சிவப்புப் புழு தின்பது விதையைத்தான். அரை மருந்து, கால் மருந்து, மருந்தே இல்லாத விதை என்று ஒரே காய்க்குள் அதற்குப் பயிற்சிக்கூடமே கட்டிக் கொடுத்துவிட்டோம்.

வீரிய ஒட்டு இன்னொரு விதத்திலும் வில்லங்கம். விதை விலை அதிகம் என்பதால் தள்ளித்தள்ளி ஊன்றுகிறோம், ஏக்கருக்கு நாலாயிரம் ஐயாயிரம் செடி. செடி குறைவாக இருப்பதால் ஒவ்வொன்றிலும் காய் நிறைய வேண்டும், அதற்கு 180, 200 நாள் நிற்கவேண்டும். மற்ற நாடுகளில் ஏக்கருக்கு முப்பது நாற்பதாயிரம் குட்டைச் செடி, செடிக்குக் கொஞ்சம் காய், சீக்கிரம் முடிந்துவிடும். இளஞ்சிவப்புப் புழு பருவத்தின் கடைசியில் பெருகும் பூச்சி. 150 நாளில் வயல் காலியானால் அதற்குப் பந்தியில் இலை கிடையாது. நம் பருத்தியோ தை, மாசி வரை நின்று பரிமாறுகிறது. மானாவாரிக் கரிசலில் இன்னும் மோசம். காய் பிடிக்கும் நேரத்தில் ஈரம் போய்விடுகிறது.

இதே புழு, இதே மரபணு. அமெரிக்காவில் என்ன ஆயிற்று தெரியுமா? அரிசோனா பக்கம் விவசாயிகள் பி.டி. இல்லாத பருத்தியையும் ஒழுங்காகப் போட்டார்கள். 2006 முதல் மலட்டு அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் விமானத்திலிருந்து இறக்கினார்கள், அறுவடை முடிந்ததும் கட்டையை உழுது புதைத்தார்கள். 2018 அக்டோபரில், தங்கள் பருத்தி மாநிலங்களில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அந்நாட்டு வேளாண் துறை அறிவித்தது. சீனாவில் யாங்சி ஆற்றுப் பக்கம் விவசாயிகள் வீரிய ஒட்டுச் செடியின் காயில் விளைந்த அடுத்த தலைமுறை விதையை வாங்கி விதைத்தார்கள். அங்கே ஒரே புரதம்தான் என்பதால், அதில் நாலில் ஒரு செடி முழுசாக பி.டி. இல்லாத செடி. யாரும் திட்டமிடாமலே புழுவுக்கு ஒதுக்கீடு வயலுக்குள்ளேயே கிடைத்துவிட, எதிர்ப்பு குறைந்தது. ஆகவே பி.டி. தோற்றது என்று சொல்வதைவிட, இந்தியாவில் நாம் அதைத் தோற்கடித்தோம் என்பதுதான் சரி.

சுற்றுச்சூழலைக் கேட்டீர்கள். காய்ப்புழுவுக்கு மருந்து குறைந்ததால் முதல் சில வருஷம் நிஜமாகவே நல்லது நடந்தது. பொறிவண்டு, சிலந்தி எல்லாம் வயலுக்குத் திரும்பின. ஆனால் அவசர அவசரமாக இறக்கிய நூற்றுக்கணக்கான வீரிய ஒட்டுகளில் பல, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு எளிதில் இடம் கொடுப்பவை. தத்துப்பூச்சி, இலைப்பேன், வெள்ளை ஈ என்று வரிசையாக வந்தன. மாவுப்பூச்சி 2006 வாக்கில் வடக்கே பேயாட்டம் ஆடியது. 2015ல் பஞ்சாப் பருத்தியில் பெரும்பகுதியை வெள்ளை ஈ முடித்தது. பி.டி. புரதம் இவற்றை ஒன்றும் செய்யாது. சாறு உறிஞ்சுபவை அதன் கணக்கிலேயே இல்லை. ஆக மருந்துச் செலவு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மாமாவின் ஏழெட்டுத் தடவையில் முதல் நாலைந்து இந்தப் பூச்சிகளுக்குத்தான் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

2017ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் மருந்து அடிக்கும்போது நஞ்சேறி 20க்கும் மேற்பட்ட விவசாயிகளும் கூலியாட்களும் இறந்தார்கள். அந்த வருஷம் செடி ஆளுயரம் வளர்ந்திருந்தது, தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள், மூன்று நான்கு மருந்தைக் கலந்தார்கள். எல்லாம் பி.டி. வயல்கள். முகத்தில் துண்டுகூடக் கட்டாமல் அடிக்கும் மாமாவுக்கு இதைச் சொல்லுங்கள். மரபணுவைப் பற்றிய வாக்குவாதத்தைவிட அந்தத் துண்டும் கையுறையும் அவசரம்.

விதை மலடாக்கப்பட்டது, அதனால்தான் எடுத்து வைக்க முடியவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. அப்படியொரு தொழில்நுட்பத்துக்கு 1998ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார்கள், ஆனால் எந்த நாட்டிலும் விற்பனைக்கு வரவில்லை. நம் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் அந்த மாதிரி விதையைப் பதிவு செய்யவே விடாது. பி.டி. பருத்தி விதை முளைக்கும், வீரியம்தான் போய்விடும். வருஷா வருஷம் கடைக்கு ஓடவைப்பது மரபணு அல்ல, வீரிய ஒட்டு. 2002ல் ஒரு பொட்டலம் சுமார் 1,600 ரூபாய். ஆந்திர அரசு ஏகபோக வணிகத் தடுப்பு ஆணையம் வரை போன பிறகு 2006ல் 750 ஆனது. அதே மரபணுவை நல்ல ரகத்தில் வைத்து விவசாயி கையில் கொடுத்திருந்தால் இந்தப் பஞ்சாயத்துக்கே வேலையில்லை.

கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தி அழிந்ததற்கும் பி.டி.யைத் திட்டுகிறார்கள். பாதிப் பழிதான் அதற்கு. மில்லுக்கு நீள இழை வேண்டும் என்று கம்போடியா பருத்தி வந்த நாளிலேயே கோவில்பட்டிக் கரிசலில் கருங்கண்ணி பின்வாங்கத் தொடங்கிவிட்டது. பி.டி. மிச்சத்தை முடித்தது. கடைக்காரர் வேறு விதையே வைக்காமல் போனார்.

களைக்கொல்லி தாங்கும் பயிர் வேறு கதை, எனக்கு அதில்தான் உண்மையான கவலை. பி.டி. மருந்தைக் குறைக்க வந்தது. இது மருந்தை அடிக்கச் சொல்லி வருவது. அமெரிக்காவில் 1996 முதல் கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும் சோயா வந்தது. எல்லாரும் ஒரே மருந்தை அடித்தார்கள். 2005 வாக்கில் ஜார்ஜியா மாநிலத்தில் பால்மர் அமரந்த் என்ற களை அந்த மருந்துக்கு அசையாமல் நின்றது. நம் தண்டுக்கீரையின் சொந்தக்காரன்தான், ஆனால் ஆளுயரம் தாண்டும், ஒரு செடியில் லட்சக்கணக்கில் விதை. பிறகு பழைய, இன்னும் கடுமையான மருந்துகளுக்குத் திரும்பினார்கள். இந்தியாவில் இந்தப் பருத்திக்கு அனுமதி இல்லை. ஆனாலும் திருட்டு விதையாக ஓடுகிறது. 2019 ஜூனில் மகாராஷ்டிரத்தின் அகோலா மாவட்டத்தில் ஒரு விவசாய சங்கம் பகிரங்கமாகவே விதைத்துக் காட்டியது. களை எடுக்க ஆள் கிடைக்காத வயிற்றெரிச்சல் அது. புரிகிறது. ஆனால் ரசீது இல்லாமல் வாங்கும் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவனுக்கே தெரியாது.

கத்திரிக்காய் பற்றியும் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். பி.டி. கத்திரியில் நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கும் பங்கு உண்டு. கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய ரகங்களில் மரபணுவைச் சேர்த்தார்கள். 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு சம்மதித்தது. ஏழு ஊர்களில் மக்கள் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9ல் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நிறுத்திவைத்தார். இன்றுவரை நிற்கிறது. வங்கதேசம் 2013ல் அனுமதித்து, விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய ரகங்களாகவே கொடுத்தது. கத்திரிக்குத் தண்டு, காய் துளைப்பானுக்காக அடிக்கும் மருந்தைப் பார்த்தவன் என்ற முறையில், பருத்தியைவிட இதற்குத்தான் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே சமயம் கத்திரி நம் நாட்டுச் செடி, காட்டு உறவுகள் இங்கேயே இருக்கின்றன, பச்சையாகச் சந்தைக்கு வருவது. கூடுதல் சோதனை கேட்டதில் தப்பு சொல்லமாட்டேன். பதினைந்து வருஷமாக அந்தச் சோதனையைச் செய்யாமலே வைத்திருப்பதுதான் தப்பு.

சரி, மாமாவுக்கு வருவோம். அடுத்த முறை விதை வாங்கும்போது 150, 160 நாளில் முடியும் ரகமா என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். பூ வரும் முன்பே ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி (பெண் அந்துப்பூச்சியின் வாசனை காட்டி ஆணைப் பிடிப்பது) வைத்து, காலையில் எண்ணட்டும். ஒரு பொறியில் எட்டு அந்துப்பூச்சி வீதம் மூன்று நாள் தொடர்ந்து விழுந்தால்தான் மருந்தைப் பற்றி யோசிக்கவேண்டும். வாரம் ஒருமுறை இருபது பச்சைக் காயை உடைக்கட்டும், இரண்டு காயில் புழு இருந்தால் அதுவும் எச்சரிக்கைதான். முதல் மூன்று மாதம் கண்ட மருந்தை அடித்துப் பொறிவண்டைக் கொல்லவேண்டாம். கடைசி எடுப்பு முடிந்த பிறகு, இன்னும் நாலு கிலோ வரும் என்று செடியை விட்டுவைக்கக் கூடாது. இரண்டு விதைகளை ஒன்றாக ஒட்டி, அவற்றுக்குள்ளேயே அந்தப் புழு அடுத்த பட்டம் வரை தூங்கும். டெல்டாவில் நெல் தரிசில் மாசியில் பருத்தி போடுவதால், பக்கத்திலேயே வருஷம் முழுக்க அதற்கு விருந்து இருக்கிறது. எடுப்பு முடிந்ததும் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கிடை போடச் சொல்லுங்கள். வெடிக்காத காயையெல்லாம் ஆடு மேய்ந்துவிடும், வயலுக்கும் எரு. அப்புறம் பருத்திமாரைப் பிடுங்கி அப்புறப்படுத்திவிட வேண்டியதுதான். வீட்டு ஓரத்தில் விறகுக்கு அடுக்கி வைத்தால் புழுவும் கூடவே குடிவந்துவிடும்.